வெட்டாமல் விட்ட நான்கு

ஆவணி 2, திங்கள்

காலையிலேயே வெயில். காற்று அடங்கிக் கிடக்கிறது. வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தாயிற்று, இருமுறை.

அவையோரே, தாய்மாரே, தொலைவில் நின்று கேட்கும் தோழரே! அவை இல்லை, இந்த ஏடு மட்டுமே. ஆயினும் வேறிடம் இல்லாதவன் இங்கேதான் முறையிட வேண்டும். இன்று பிற்பகல் தாயம் ஆடுகையில் என் மனைவி ஒரே கையில் என் மூன்று காய்களை வெட்டினாள். அவற்றுள் மூன்றாவது வெட்டு முறைகேடு. அக்காய் மூலைக் கட்டத்தில் நின்றது. எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் மூலையும் மலைதான். பெருக்கல் குறி இட்டிருப்போம். அங்கு நிற்கும் காயை எவரும் தொட முடியாது. அவள் பிறந்த பாகூர்ப் பக்கம் மூலைக்கு அந்தச் சிறப்பு இல்லையாம். எழுந்தேன். கை உயர்த்தினேன். வாய் திறந்தேன். அவள் தன் உதட்டில் விரலை வைத்தாள். அமர்ந்தேன். முப்பதாண்டு மேடையில் என்னை உட்கார வைத்தவர் எவருமில்லை.

நிலைமை: வெள்ளி முதல் பேசா நோன்பு. குரல்நாணில் முடிச்சு என்றார் மருத்துவர். பதினான்கு நாள் ஒரு சொல் கூடாது, முணுமுணுப்பும் கூடாது. அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் அப்போது சுவரில் தொங்கிய தொண்டைப் படத்தில் ஓர் எழுத்துப் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாமரை கேட்டுக்கொண்டாள்.

(தாமரை: என் மனைவி. பெற்றோர் இட்ட பெயர் சரோசா. திருமண மேடையிலேயே நான் தமிழாக்கினேன். சினம் வந்தால் பழைய பெயருக்குத்தான் மறுமொழி தருவாள்.)

தாயம் ஆடத் தொடங்கியதும் அவளே. தையற்கடையைப் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை சாத்துகிறாள். பேசாத ஆளோடு அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்வது என்று ஞாயிறு சந்தையில் பித்தளைக் கட்டைகள் இரண்டு வாங்கி வந்தாள். பழைய கூட்டத்தின் நெகிழிப் பதாகை ஒன்றின் பின்பக்கம் கட்டம் வரைந்தாள். முன்பக்கம் என் முகம், தரையைப் பார்த்தபடி. அவள் காய் புளியங்கொட்டை. என் காய் அவள் கடைப் பொத்தான், நீலம்.

வரும் ஞாயிறு மாலை நோணாங்குப்பத்தில் கூட்டம். கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழுக்கு முதலிடம். சிறப்புரை நான். அது நோன்பின் பத்தாம் நாள். கூட்டம் நடத்தும் மன்றத்தின் செயலாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது மணித்துளி பேசினால் நாண் அறுந்துவிடுமா என்ன. இப்போது என் வாய் கற்பலகைதான்; தாமரைக்கு அதில் அவ்வாறே எழுதிக் காட்டினேன்.

படித்தாள். கொட்டைகளைப் பொறுக்கியபடி சொன்னாள்: “மூணு ஆட்டம் ஆடுவோம். ரெண்டுல நான் கெலிச்சா ஞாயித்துக்கெழம நீங்க போவக் கூடாது. நீங்க கெலிச்சா நானே நல்ல பொடவையா கட்டிக்கினு வந்து முன்வரிசையில குந்துறேன்.”

ஒப்பு, என்று எழுதினேன். அடிக்கோடு இருமுறை.

ஆவணி 3, செவ்வாய்

மேகம். மழை இல்லை. தேன் தீர்ந்தது, வாங்க வேண்டும். பலகைக் குச்சி ஒரு பெட்டி.

நாள் முழுதும் ஆட்ட நெறிகள் வரைந்தேன். இரு வீட்டு வழக்கத்தையும் வைத்துக்கொண்டு ஆடினால் நாடு இரண்டுபட்டதுபோல் ஆகும். எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, சுவரில் ஒட்ட வேண்டும் என்றேன், அதாவது எழுதினேன். தாமரை சட்டைக்குக் காசா, அதாவது பொத்தான் துளை, வெட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

ஆளுக்கு ஆறு காய். ஏழுக்கு ஏழு கட்டம். வெளிச்சுற்று முடித்து, உள்ளே திரும்பி, நடுக்கட்டம் ஏறினால் காய் பழம். ஆறும் முதலில் பழுத்தவர் வென்றார்.

கட்டைக்கு நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, வெறுமை. இரு கட்டையையும் கூட்டுக. ஒன்றும் வெறுமையும் தாயம். இரண்டும் வெறுமை என்றால் சுழி அன்று, பன்னிரண்டு. (ஒன்றுமில்லாததற்கே உச்ச மதிப்பு. இதைக் கண்டவன் அரசியல் அறிந்தவன்.)

தாயம் விழாமல் காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு: மறுவீச்சு உண்டு. ஒரே எண் தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் மூன்றும் செல்லா. இது எங்கள் வீட்டு நெறி, போராடிப் பெற்றேன்.

மூலை: மலை இல்லை. இது அவள் வீட்டு நெறி, போராடி இழந்தேன்.

எதிரியின் காயை ஒன்றேனும் வெட்டாதவர் உள்ளே நுழையக் கூடாது. இதுவும் அவளுடையது. இதை நான் மனமார ஏற்றேன். வெட்டினால் ஒரு மறுவீச்சு.

வெட்டும் வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆக வேண்டும். வெட்டாது விட்டால் அவ்வீச்சு செல்லாது, மீண்டும் உருட்ட வேண்டும். இது என்னுடையது. நேற்று என் ஒற்றைக் காயைப் பாவம் பார்த்து அவள் தாண்டிப் போனதை மறக்க இயலவில்லை.

கடைசி நெறியை அவள் தன் கையாலேயே எழுதினாள். கோணல் எழுத்து. “பேசுனா ஒரு கை போச்சு.” மொழிநடையைத் திருத்த முற்பட்டேன். குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

நடுவர்: மாடியில் குடியிருக்கும் அருளப்பன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதாகோவில் பாடகர் குழுவில் அடிக்குரல். எதற்கும் “பொன்” என்பார். பிரெஞ்சில் நன்று என்று பொருளாம். நன்று என்றே சொல்லலாமே என்று பல்லாண்டாகக் கேட்டுவருகிறேன். “பொன், புலவரே, யோசிக்கிறேன்” என்பார். நெறிகளைப் படித்துவிட்டு, எங்க வீட்டு ஆட்டத்துல இவ்ளோ சட்டம் கெடையாது, பட்டாளத்துலயும் கெடையாது என்றார்.

ஆவணி 4, அறிவன் (ஊரார் சொல்லும் புதன்)

முதல் ஆட்டம். இரண்டே கால் மணி. புழுக்கம். மின்விசிறி போட்டால் பொத்தான் நகர்கிறதென்று நிறுத்திவிட்டோம்.

எனக்குத் தாயம் விழவில்லை. ஒன்பது கை. தாமரையின் புளியங்கொட்டைகள் ஊர்வலம் போயின. ஒரே கையில் பன்னிரண்டு, பன்னிரண்டு, ஐந்து, மூன்று. அருளப்பன் இன்னொரு பன்னிரண்டு விழுந்திருந்தால் அனைத்தும் அழிந்திருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

பத்தாம் கை. உருட்டினேன். ஒரு கட்டை வெறுமையாய் நின்றது. மறுகட்டை தயங்கித் தயங்கிப் புரண்டு ஒற்றைப் புள்ளி காட்டியது. தாயம் விழுந்தால் கத்துவது எந்த வீட்டுக்கும் பொது வழக்கம். ஐந்து வயதில் இருந்து அப்படித்தான். கத்திவிட்டேன்.

தாயம் என்றுதான் சொன்னேன். வந்தது அச்சொல் அன்று. தகரத்தை ஆணியால் கீறியது போல் ஏதோ. மூவரும் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அருளப்பன் மெல்ல, ஒரு கை போச்சு, புலவரே, என்றார். தாமரை எழுந்து உள்ளே போனாள். குழாயைத் திறந்து விட்டிருந்தாள். ஏனம் கழுவும் ஓசை கேட்கவில்லை, நீர் ஓசை மட்டும். திரும்பி வந்து, ஆடுங்க என்றாள்.

பிறகு எனக்கே எல்லாம் விழுந்தன. ஆறு, ஐந்து, தாயம், மீண்டும் ஆறு. அவள் காய்கள் நான்கை வெட்டினேன். ஆறும் பழம். நான் 1, தாமரை 0. எவரும் கைதட்டவில்லை. நானும் மகிழவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

மாலை: தேன் வாங்கினேன். கடைக்காரர் விலை சொன்னது கேட்கவில்லை. அந்தக் கீறல் ஓசையே காதில்.

ஆவணி 5, வியாழன்

விடியலில் தூறல். துணி காயவில்லை.

பதினொரு மணிக்குச் செயலாளரே நேரில் வந்தார், துண்டறிக்கைக் கட்டோடு. என் பெயர் பெரிய எழுத்தில். பெயருக்கு முன் இரண்டு பட்டங்கள். ஒன்று எனக்கு எவரும் கொடுக்காதது. தொண்டைக்கு ஓய்வா, மிக நல்லது, ஞாயிற்றுக்குச் சேர்த்து வையுங்கள் என்றார். தலையாட்டினேன். தாமரை தையற்பொறியின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு என் தலை ஆடுவதைப் பார்த்தாள். அவருக்குத் தேநீர் கொடுத்தாள், எனக்கு வெந்நீர்.

இரண்டாம் ஆட்டம். நெருக்கமான ஆட்டம். இருவருக்கும் நான்கு நான்கு பழம். என் பொத்தான் ஒன்று அவள் கொட்டைக்கு ஐந்து கட்டம் முன்னால். அவள் உருட்டினாள்: ஐந்து. வேறு காயைத் தூக்கினாள். நான் பலகையால் தரையைத் தட்டினேன். சுவரில் ஒட்டிய தாளில் விரல் வைத்தேன். அருளப்பன் மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்து, வெட்டியே ஆகணும் தங்கச்சி, புலவரே எழுதியிருக்காரு, என்றார்.

“தன் காய வெட்டச் சொல்லி சண்ட போடுற ஆள இங்கதான் பாக்குறேன்” என்றாள். வெட்டினாள். வெட்டுக்கு மறுவீச்சு, ஐந்துக்கு மறுவீச்சு. அதில் ஆறு, பின் இரண்டு. அடுத்த சில கைகளில் ஆட்டமும் முடிந்தது. நான் 1, தாமரை 1.

தோற்றவன் மகிழ்ந்த நாள் இது. நெறி நின்றதே. அவள் சிரித்தும்விட்டாள். வெட்டிய பொத்தானை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அவள் விரல் நுனியில் ஊசித் தழும்புகள்.

ஆவணி 6, வெள்ளி

ஆட்டம் இல்லை. திருமண வீட்டு இரவிக்கைகள், பதினொன்று. தாமரை காலை முதல் தலை நிமிரவில்லை. கொக்கி நான் தைத்துக் கொடுத்தேன். நான்கைப் பிரித்து மீண்டும் தைத்தாள்.

நண்பகல் கடற்கரைச் சாலை. காற்று உண்டு, நிழல் இல்லை. கற்களருகே அமர்ந்து கணக்கிட்டேன். இரு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு வகை வீழ்ச்சி. அவற்றுள் தாயம் இரண்டு. இரண்டு, மூன்று வகையில். மூன்று, நான்கு வகையில். நான்கு, மூன்று வகையில். ஐந்து, இரண்டு வகையில். ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்றே. ஆக மூன்றே மிகுதியாய் விழும். அதற்கு மறுவீச்சும் இல்லை, மதிப்பும் இல்லை. மக்களைப் போல. (உரையில் பயன்படுத்தலாம். எந்த உரையில்?)

உரையை உதடு மட்டும் அசைத்துப் பழகினேன். பக்கத்து இருக்கையில் இரு பெண்கள். ஒருத்தி மெல்லச் சொன்னது: “வேண்டுதலா இருக்கும்டி, பாக்காத.”

வீடு திரும்பியவன் வாசற்படியில் நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே தாமரையும் அருளப்பனும். மறைந்து கேட்பது தவறு. கேட்டேன். புலவர் பேசாமல் இருப்பதில் உனக்கு நிம்மதிதானே தங்கச்சி என்று அவர் விளையாட்டாகக் கேட்டிருப்பார் போலும்.

அவள்: “இன்னா நிம்மதி. பேப்பர் படிச்சிக்கினு தப்பு தப்புன்னு கத்துவாரு, பால்காரன்கிட்ட கத்துவாரு, ரேடியோகிட்ட கத்துவாரு. எட்டு நாளா வூடு வூடாவே இல்லண்ணே. இந்த எட்டு நாளே என்னால முடியல. இப்ப மேடை ஏறிப் பேசினா கொரல் ஒரேயடியா போயிடும்னு டாக்டரு சொன்னாரு. அவரு காதுல வுழல. நான்தான் கேட்டேன்.”

அருளப்பன் பொன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் மீண்டும் தெருவுக்கு இறங்கி, முனை வரை நடந்து, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆவணி 7, காரி (ஊரார் சொல்லும் சனி)

வெயில். மூன்றாம் ஆட்டம். இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டு மணிக்கே தொடங்கினோம். விரைவான ஆட்டம். இருவருக்கும் முதல் கையிலேயே தாயம். அவள் என் காய்களில் இரண்டை வெட்டினாள், நான் அவள் காய்களில் இரண்டை. மூன்றரை மணிக்கு நிலை: அவளுக்கு ஐந்து பழம். கடைசிக் கொட்டை வெளிச்சுற்றில், உள்ளே திரும்பும் வாயிலுக்கு இரண்டு கட்டம் இப்பால். எனக்கு நான்கு பழம். ஒரு பொத்தான் உள்ளே, பழுக்க ஒன்பது வேண்டும். இன்னொன்று வெளியே, அவள் கொட்டைக்குச் சரியாக நான்கு கட்டம் பின்னால். அவள் உள்ளே போய்விட்டால் என்னால் தொட முடியாது. இப்போதே வெட்டினால் அவள் மீண்டும் தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆட்டம் பெரும்பாலும் என்னுடையது. ஆட்டம் என்னுடையது என்றால் நாளை மேடையும்.

என் கை. உருட்டினேன். மூன்று, ஒன்று. நான்கு.

அவள் தன் கொட்டையை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டாள். பதாகையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்த பொத்தானை எடுத்தேன். நான்கு நகர்த்தினேன்.

வெட்டும் வாய்ப்பைப் பார்க்கவில்லை என்று இங்கே எழுதலாம். இந்த ஏட்டை எவரும் படிக்கப் போவதில்லை. பார்த்தேன்.

அருளப்பன் தொண்டையைச் செருமினார். தாமரை பொத்தானையே பார்த்தாள். நான்கு வரை எண்ணினாள், விரலால், இருமுறை. பிறகு என்னை.

“எனக்கு வுட்டுக்குடுக்க நான் இன்னா கொழந்தையா?”

பலகையைத் தேடினேன். வேண்டாம் என்று கையமர்த்தினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தோத்துட்டேன்னு வாய மூடிக்கினு இருந்தீங்கன்னா, அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு பந்தயம் கட்டுவீங்க. தாயமா வந்து உங்க தொண்டையக் காப்பாத்தும்? போவணும்னா போங்க. போவக் கூடாதுன்னா நீங்களா நில்லுங்க. கட்ட மேல பழியப் போடாதீங்க.”

கடையைத் திறக்கப் போய்விட்டாள். மணி நான்காகவில்லை.

அருளப்பன் தாளை வாசித்தார். வெட்டாமல் விட்ட நான்கு செல்லாது என்று தீர்ப்பளித்தார். பொத்தானைப் பழைய இடத்தில் வைத்தார். நாளை பிற்பகல் என் கையில் இருந்தே தொடரலாம், அதுவரை பதாகையை எவரும் மிதிக்கக் கூடாது. படியேறும்போது, புலவரே, நீங்க எழுதுன சட்டம் நல்லாத்தான் இருக்கு என்றார்.

மாலை சாப்பாடு வைத்தாள். தாமரை என்று பலகையில் எழுதி நீட்டினேன். படிக்காதது போல் ரசம் ஊற்றினாள். சரோசா என்று எழுதினேன். அப்பளம் கிடைத்தது.

ஆவணி 8, ஞாயிறு

மழை, ஏழு மணி முதல் ஒன்பது வரை. பின் வெளுப்பு.

பத்து மணிக்கு நோணாங்குப்பம் பேருந்து. செயலாளர் மேடைப் பந்தலில் தேங்கிய நீரைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தார். கடிதம் கொடுத்தேன். நாளெல்லாம் நீண்ட தொடர் எழுதுபவன், நான்கு வரிதான் எழுதியிருந்தேன்: என் குரல்நாணில் முடிச்சு. இன்று பேசினால் இனிப் பேச இயலாது போகலாம். வியாழனன்றே சொல்லாமல் தலையாட்டியது என் குற்றம். உரை முழுவதையும் எழுதி இணைத்துள்ளேன், நல்ல குரலுடைய எவரும் படிக்கலாம்.

அவர் முகம் வாடியது உண்மை. ஆள் எங்கே தேடுவது என்றார், துண்டறிக்கையெல்லாம் போய்விட்டதே என்றார். உரையைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நின்று ஒரு முறை சிரித்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்து, எப்போதில் இருந்து இப்படி என்று கேட்டார். விரல்களால் சொன்னேன். அவருடைய தங்கை பள்ளி ஆசிரியையாம், கணீரென்று பேசுவாராம். அவர் படிப்பார்.

படகுத் துறைப் பக்கம் சற்று நின்றேன். ஒரு பெண் இன்று மாலை என் சொற்களை எடுத்துக்கொண்டு மேடையேறப் போகிறாள். பொறாமை. எழுதிவிடுகிறேன்: பெரும் பொறாமை. பிறகு பேருந்து.

ஒன்றரைக்கு வீடு. கடைக்கு விடுமுறை, ஆயினும் தாமரை பொறியின் முன் குந்தி நூல் பிரித்துக்கொண்டிருக்கிறாள். புடவை நல்ல புடவை, பச்சை. நான் போகக்கூடும் என்று கட்டியிருக்கிறாள். போவதானால் முன்வரிசையில் உட்கார. அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கடிதத்தின் படியைப் பொறி மேல் வைத்தேன். படித்தாள். நான்கு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நூலைப் பிரித்துக்கொண்டே இருக்கிறாள். அருளப்பன் மாடியில் இருந்து இறங்கி வந்து பதாகையின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார்.

பலகையில் இடமில்லை, குச்சியும் நொறுங்கிவிட்டது. ஆகவே இந்தப் பக்கத்தை இப்படியே உன் முன் நீட்டப் போகிறேன், தாமரை. முந்தைய பக்கங்களைப் புரட்டாதே, புரட்டினாலும் குற்றமில்லை. இனி மேடை பந்தயத்தில் இல்லை. அது என் முடிவு, எந்தக் கட்டையும் எடுத்துக் கொடுத்ததன்று. இப்போது இருப்பது ஆட்டம் மட்டும். உன் கொட்டை வாயிலுக்கு இரண்டு கட்டம் இப்பால் நிற்கிறது. என் பொத்தான் நான்கு கட்டம் பின்னால். நான்கு விழப் பதினாறில் மூன்று வாய்ப்பு. விழுந்தால் வெட்டுவேன், இம்மியும் இரக்கமின்றி. விழாவிட்டால் நீ உள்ளே நுழை.

அந்த நூலை வை. எழுந்து வா. எதிரே உட்கார். என் கைதான், உருட்டப் போகிறேன். இப்போதே வா.